கொழும்புக் கோப்பை: நான்கு அண்டை நாடுகள் ஆடிய கால்பந்து

இந்தியாவும் பாகிஸ்தானும் முதல் கிரிக்கெட் டெஸ்ட் ஆடியது 1952 அக்டோபரில், டெல்லியில். அதற்கு ஏழு மாதம் முன்பே இரண்டு நாடுகளும் கால்பந்தில் நேருக்கு நேர் மோதிவிட்டன. இடம் கொழும்பு. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை, 0-0. அந்த ஆட்டம் நடந்த போட்டித் தொடரைத்தான் கொழும்புக் கோப்பை என்கிறார்கள். ஆசிய நாற்கரப் போட்டி என்றும் பதிவுகளில் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

கால்பந்து பார்க்க ஆரம்பித்து, ஆசியக் கோப்பை, தெற்காசிய நாடுகள் ஆடும் சாஃப் சாம்பியன்ஷிப் என்று பெயர்கள் காதில் விழும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது இந்தக் கோப்பை. ஆண்டுக்கு ஒன்றாக 1952 முதல் 1955 வரை நான்கு முறை மட்டுமே நடந்தது. ஆடியவை நான்கே நாடுகள்: இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா. சின்னப் போட்டிதானே என்று தள்ளிவிட முடியாது. நம் பகுதி நாடுகளின் தேசிய அணிகள் வருடா வருடம் ஒன்றையொன்று சந்தித்து, அடுத்தவரின் ஆட்டத்தைப் பார்த்துத் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டது இங்கேதான்.

இந்த நான்கு நாடுகள் மட்டும் ஏன்?

வரைபடத்தை எடுத்து 1936-ஆம் ஆண்டில் வைத்துப் பாருங்கள். அப்போது இந்தியா, பாகிஸ்தான், பர்மா என மூன்று நாடுகள் கிடையாது. எல்லாம் பிரிட்டிஷ் இந்தியா. பர்மா 1937 ஏப்ரலில் தனி நிர்வாகமாகப் பிரிந்தது. 1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் பிறந்தது. 1948 ஜனவரியில் பர்மாவுக்கும் பிப்ரவரியில் இலங்கைக்கும் விடுதலை கிடைத்தது. இலங்கை மட்டும் முன்பிருந்தே தனிக் குடியேற்ற நாடு. ஆனால் அங்கேயும் ஆண்டது அதே ஆங்கிலேயர், கால்பந்தைக் கொண்டுவந்து இறக்கியதும் அதே பட்டாளத்துச் சிப்பாய்களும் துறைமுகத்து மாலுமிகளும்தான்.

ஆக 1952-இல் கொழும்பில் கூடியவை, பாகம் பிரிந்து நாலைந்து வருடமே ஆன பங்காளிகள் போன்ற நாடுகள். கொடி புதிது, தேசிய கீதம் புதிது, தேசிய அணி என்ற எண்ணமும் புதிது. பாகிஸ்தானின் கால்பந்துச் சம்மேளனம் 1947-இல் தொடங்கி, அடுத்த ஆண்டே உலக அமைப்பான ஃபிஃபாவில் சேர்ந்தது. இலங்கை ஃபிஃபாவில் சேர்ந்ததே 1952-இல்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு என்று இன்று நாம் அறியும் அமைப்பு மணிலாவில் உருவானது 1954 மே மாதத்தில். கொழும்புக் கோப்பை அதைவிட இரண்டு வயது மூத்தது. மேலே இருந்து யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை. நான்கு நாட்டுச் சங்கங்களும் தாங்களே பேசி, தேதி குறித்து, அணிகளை அனுப்பின. ஆசிய விளையாட்டுப் போட்டி 1951-இல் டெல்லியில் தொடங்கியிருந்தாலும் அது மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவது. ஒலிம்பிக்கும் அப்படியே. ஒரு தேசிய அணி வருடம் தவறாமல் ஆடுவதற்கு வேறு மேடை இல்லை.

போட்டி எப்படி நடந்தது?

அந்தக் காலத்தில் இந்தியாவின் பெரிய கோப்பைகளான டூரண்ட், ரோவர்ஸ், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு எல்லாம் நாக் அவுட் முறையில் நடந்தவை. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான்கு நாடுகள் மட்டும் வரும் போட்டியில் அந்த முறை வைத்தால், கப்பல் ஏறி வந்த அணி ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்ப நேரும். அதனால் கொழும்புக் கோப்பையை லீக் முறையில் வைத்தார்கள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்று அணிகளோடும் ஒருமுறை ஆடும். மொத்தம் ஆறு ஆட்டங்கள். தனியாக இறுதிப் போட்டி கிடையாது. கடைசியில் புள்ளிப் பட்டியலில் மேலே இருப்பவருக்குக் கோப்பை.

வெற்றிக்கு இன்று 3 புள்ளி. அன்று உலகம் முழுக்க 2 புள்ளிதான், டிராவுக்கு 1. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் 2 புள்ளிக் கணக்கில் டிரா என்பது பாதி வெற்றி. எதிரணி பலமாக இருந்தால் கோல் விடாமல் கதவைச் சாத்திக்கொள்வதே லாபம். முதல் ஆண்டில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். இந்தியா பர்மாவையும் இலங்கையையும் வென்றது: 4 புள்ளி. பாகிஸ்தானும் அதே இரண்டு அணிகளை வென்றது: 4 புள்ளி. தங்களுக்குள் 0-0: தலா ஒன்று. ஆளுக்கு 5 புள்ளியோடு சமமாக நின்றார்கள். பெனால்டி ஷூட் அவுட் என்ற வழக்கமே அப்போது பிறக்கவில்லை. கோப்பையை இருவருக்கும் பொதுவாக அறிவித்தார்கள். பிரிவினை நடந்து ஐந்து வருடம்கூட முழுதாக ஆகாத நேரத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு வெற்றியைப் பங்கிட்டுக்கொண்டன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

இன்னொன்றையும் புதியவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வசதி இன்றுபோல் அன்று இல்லை. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை வந்தது 1970-இல். அணி நிற்கும் விதமும் வேறு. முன்வரிசையில் ஐந்து பேர், பின்னால் இரண்டு அல்லது மூன்று பேர் என்று தாக்குதலுக்கே ஆள் அதிகம். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் 1949-லிருந்து சில ஆண்டுகள் ஒன்றாக ஆடிய அகமது கான், அப்பாராவ், சாலே, தன்ராஜ், வெங்கடேஷ் என்ற ஐந்து முன்கள வீரர்களை ரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்றே அழைத்தார்கள். ஐந்து பேருமே தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள்.

வெறுங்காலும் பூட்ஸும்

முதல் கோப்பைக்கும் இரண்டாவது கோப்பைக்கும் நடுவில் ஒரு பெரிய அடி விழுந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது.

இந்திய ஆட்டக்காரர்கள் பலர் அதுவரை வெறுங்காலோடு ஆடியவர்கள். கணுக்காலைச் சுற்றிப் பட்டையான துணிக்கட்டு, பாதம் மட்டும் திறந்தபடி. ஏழ்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த தரையில் பந்தை விரலாலும் உள்ளங்காலாலும் தொட்டு நிறுத்துவதில் ஒரு நுட்பம் இருந்தது, அதில் அவர்களுக்குப் பெருமையும் இருந்தது. 1911-இல் மோகன் பகான் ஆங்கிலேயப் பட்டாள அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியபோது பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 2-1 என்று தோற்றபோதும் அப்படித்தான். அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்காக ஒற்றை கோல் போட்டவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகள் வீணாகாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

இந்த நம்பிக்கையோடு 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போனார்கள். குளிர்ந்த ஊர், வழுக்கும் புல்தரை, எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10-1. அந்த ஒரு கோலைப் போட்டவர் அகமது கான். யூகோஸ்லாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய வலுவான அணி என்பது உண்மை. ஆனாலும் பத்து கோல் என்பது சமாதானம் சொல்லி மறைக்கக் கூடிய கணக்கா? அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அதற்குப் பிறகு பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்குக் காரணம் வெறுங்காலோடு ஆட ஃபிஃபா தடை போட்டதுதான் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம். அன்றைய நிர்வாகிகளுக்கு உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்தான் பெரிதாகத் தெரிந்தது. பிரேசில் பயணத்தின் நீளமும் செலவும் அவர்களைத் தயங்கவைத்தன.

இப்போது கொழும்புக் கோப்பையின் பயன் தெரியும். காலம் முழுக்க வெறுங்காலில் ஆடியவர்கள் பூட்ஸுக்கு மாறுவது ஒரு மாதத்தில் முடிகிற காரியமா? பந்தைத் தொடும் உணர்வு மாறும், ஓட்டம் மாறும், உதையின் வேகம் மாறும். அதைப் பழகிக்கொள்ளச் சர்வதேச ஆட்டங்கள் வேண்டும். அதுவும் பத்து கோல் வாங்கி மனம் உடையாத அளவுக்குச் சமபலமுள்ள எதிரணிகள் வேண்டும். ரங்கூன் 1953, கல்கத்தா 1954, டாக்கா 1955 என்று அடுத்த மூன்று ஆண்டுகளில் அது கிடைத்தது. மூன்றையும் இந்தியாவே வென்றது.

நடுவில் சறுக்கலும் உண்டு. 1954 மணிலா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நடப்புச் சாம்பியனாகப் போன இந்தியா, இந்தோனேசியாவிடம் 4-0 என்று தோற்று முதல் கட்டத்திலேயே வெளியேறியது. அதே மணிலாவில் வெண்கலம் வாங்கியது பர்மா. இந்தக் கோப்பையை ஒருமுறைகூட வெல்லாத பர்மாவை யாரும் லேசாக எடைபோட வேண்டாம். பின்னாளில் 1966, 1970 ஆசியப் போட்டிகளில் தங்கமும், 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடமும் பெற்றது அந்த நாடு.

இந்திய அணியைச் செதுக்கியவர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அவர் ஆசிரியர் வேலை பார்த்தவர், ஆட்டத்தையும் பாடம் நடத்துவதுபோல் சொல்லிக்கொடுத்தவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. நீளமாக உதைத்துவிட்டுப் பின்னால் ஓடுவதை விடுத்து, குறுகிய பாஸ்களில் பந்தை நகர்த்தும் ஆட்டத்தை அவர் வற்புறுத்தினார். 1951 ஆசியத் தங்கமும் அவர் காலம், ஹெல்சிங்கி அடியும் அவர் காலம். தோற்ற பிறகும் அவரைக் கைவிடாததுதான் அன்றைய நிர்வாகம் செய்த நல்ல காரியம் என்பேன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காம் இடம் வரை போனது. நெவில் டிசோசா மூன்று கோல், கிருஷ்ணசாமி கிட்டு ஒரு கோல். ஹெல்சிங்கியிலிருந்து மெல்போர்ன் வரை நான்கே வருடம். அந்த நான்கு வருடத்துக்குள்தான் ரங்கூனும் கல்கத்தாவும் டாக்காவும் வருகின்றன.

எல்லைக்கு இரண்டு பக்கமும்

ஆட்டக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்டக்காரர்களின் வாழ்க்கை. புதிய எல்லைகள் அவர்களை எப்படிப் பிரித்துப் போட்டன என்பதை இந்த அணிப் பட்டியல்களில் அப்படியே பார்க்கலாம்.

மொய்தீன் குட்டி என்று ஒருவர். பிறந்த ஊர் மலபாரில் தானூர். அன்றைக்கு மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். விமானப் படையில் வேலை பார்த்தவர், பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் பக்கம் நின்றார், பாகிஸ்தான் தேசிய அணிக்காக ஆடினார். மலையாளம் பேசும் ஒருவர் பச்சை உடையில் இந்தியாவுக்கு எதிராக இறங்கிய காலம் அது. மசூத் ஃபக்ரி என்ற பாகிஸ்தான் வீரர் இதற்கு நேர்மாறான பாதையில் வந்தார். தன் நாட்டுக்காக ஆடிக்கொண்டே கல்கத்தா வந்து ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கும் ஆடினார், பிறகு இங்கிலாந்து போய் பிராட்ஃபோர்டு சிட்டி அணியில் சேர்ந்தார். அவருக்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அகதியாக இந்தியா வந்த ஃபிரெட் பக்ஸ்லியும் அதே ஈஸ்ட் பெங்காலின் நட்சத்திரமானவர்தான். நாடுகள் பிரிந்த பிறகும் கல்கத்தா மைதான் இவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டது.

அந்த ஆண்டுகளின் அரசியலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1954 ஏப்ரல் கடைசியில் கொழும்பில் ஐந்து நாட்டுப் பிரதமர்கள் கூடினார்கள். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, கூடவே இந்தோனேசியா. அடுத்த ஆண்டு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டுக்கு வழி போட்ட கூட்டம் அது. ஐந்தில் நான்கு பேர் கால்பந்துக் கோப்பையின் அதே நான்கு நாட்டுக்காரர்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்றைய ஆசியாவில் யார் யாரை அண்டை வீட்டாராக நினைத்தார்கள் என்பதை இரண்டும் ஒரே மாதிரி காட்டுகின்றன.

நான்காவது கோப்பை 1955 டிசம்பரில் டாக்காவில் நடந்தது. என் கணக்கில் நான்கிலும் இதுவே கனமானது. டாக்கா அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகர். 1952 பிப்ரவரியில் வங்க மொழிக்காக மாணவர்கள் குண்டடி பட்டுச் செத்த நகரம். அதே 1952 அக்டோபரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவில் பாஸ்போர்ட் முறை வந்தது. அதுவரை கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் போய் வந்துகொண்டிருந்த குடும்பங்கள், அதன் பிறகு காகிதம் காட்டி எல்லை கடக்க வேண்டியதாயிற்று. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களில் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், பலர் அங்கிருந்து அகதியாக வந்தவர்கள். அவர்கள் கல்கத்தாவில் கொண்டாடிய ஆட்டக்காரர்களை இந்திய உடையில், தாங்கள் விட்டுவந்த மண்ணிலேயே போய் ஆட அனுப்பியது அந்த ஆண்டு. எதிரணியில் நபி சௌத்ரி போன்ற கிழக்கு வங்காளத்து வீரர்களும் பாகிஸ்தான் கால்பந்தில் மேலே வந்துகொண்டிருந்த காலம். இந்தியா 2-1 என்று பாகிஸ்தானை வென்று கோப்பையை எடுத்தது.

நான்கு ஆண்டு இந்திய-பாகிஸ்தான் ஆட்டங்களை வரிசையாக வைத்தால் 0-0, 1-0, 3-1, 2-1. பாகிஸ்தான் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை என்பது உண்மை. நான்கில் மூன்று ஆட்டங்களில் வித்தியாசம் ஒரு கோலுக்குள் என்பதும் உண்மை. இன்று இரண்டு நாடுகளின் கால்பந்தும் ஃபிஃபா தரவரிசையில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்கு இந்த நெருக்கம் ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு என்ன ஆயிற்று?

நான்கு நாடுகள், நான்கு நகரங்கள். கொழும்பு, ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று ஒவ்வொரு நாடும் ஒருமுறை நடத்தி முடித்தது. ஒரு சுற்று நிறைவடைந்ததோடு கோப்பையும் நின்றது. அதே சமயத்தில் வேறு மேடைகள் வந்துவிட்டன. 1956-இல் முதல் ஆசியக் கோப்பை ஹாங்காங்கில் நடந்து தென் கொரியா வென்றது. 1957-இல் மலாயாவில் மெர்டேக்கா போட்டி தொடங்கியது. கோலாலம்பூருக்கு ஆசியாவின் பெரிய அணிகள் ஆண்டுதோறும் வர ஆரம்பித்ததும், நான்கு நாடுகள் மட்டும் கூடும் ஒரு கோப்பைக்கு இடம் குறுகிப்போனது.

பர்மா மெல்லக் கிழக்கே திரும்பி, தென்கிழக்கு ஆசியப் போட்டிகளின் வழியாக வளர்ந்தது. மீதி மூன்று நாடுகளின் பகுதிக்கென்று தனியாக ஒரு கால்பந்துப் போட்டி மறுபடி வருவதற்கு 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு லாகூரில் தொடங்கியதுதான் இன்றைய சாஃப் சாம்பியன்ஷிப்பின் முதல் வடிவம். இரண்டாவது போட்டி 1995-இல் கொழும்பில் நடந்தது. இலங்கை இறுதியில் இந்தியாவை 1-0 என்று வென்றது. கொழும்புக் கோப்பை நாட்களில் இலங்கைக்குக் கிட்டாதது நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துச் சொந்த மண்ணில் கிட்டியது.

இடைப்பட்ட அந்த முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன். அக்கம்பக்கத்து அணிகள் அடிக்கடி ஆடினால்தான் ஆட்டம் வளரும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் அப்படித்தான் வளர்ந்தது. உருகுவேயும் அர்ஜென்டினாவும் நூறு வருடத்துக்கும் மேலாக ஒன்றோடொன்று மோதி மோதித்தான் உலகத் தரத்துக்கு வந்தன. நமக்கு அந்த வாய்ப்பு நான்கு வருடம் இருந்தது, நாமே விட்டுவிட்டோம்.

இந்தப் போட்டியைப் பற்றி மேலும் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பதிவுகளில் இலங்கை சிலோன் என்றும், மியான்மர் பர்மா என்றும், யாங்கோன் ரங்கூன் என்றும் இருக்கும். அந்தப் பெயர்களைப் போட்டுத் தேடினால்தான் கிடைக்கும். 1955 போட்டியை நடத்திய நாடு பாகிஸ்தான் என்றும், நகரம் டாக்கா என்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வங்கதேசம் தனி நாடானது 1971-இல். கோல் அடித்தவர்களின் பெயர் ஒரு பட்டியலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கலாம். கல்கத்தா, ஹைதராபாத் கிளப்களின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யார் யாரென்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.